கூப்பிட்ட குரலுக்கு

பார்த்தாயா? அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா இப்போது கூப்பிட்டது உன் காதில் விழுந்ததா இல்லையா? “என்னங்க, சீட்டு வாங்கிட்டீங்களா?” என்று இந்த மாட்டாஸ்பத்திரி மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கூப்பிட்டாள். அதோ, ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கூடத் திரும்பினார். உன் மடியில் இருக்கிற நாய்க்குட்டி தலையைத் தூக்கியது. என் காலடியில் கிடக்கிற இந்த நாய் தூக்கியதா? ஒரு காதையாவது அசைத்ததா? நீயே சாட்சி. டாக்டர் கேட்டால் நீயும் கூட வந்து சொல்ல வேண்டும், ஆமாம்.

இதற்குக் காது போய்விட்டது, கண்ணு. அதைக் காட்டத்தான் வந்திருக்கிறேன். முதலில் சின்ன டாக்டர் பார்த்தார். இதன் தலைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார், இது திரும்பியது. “காது நல்லாத்தாம்மா இருக்கு. உடம்புதான் பெருத்துப்போச்சு. பிஸ்கட்டை நிறுத்துங்க” என்றார். அப்படிக் கை தட்டினால் எது திரும்பாது? சுவர்கூடத் திரும்பும். பெரிய டாக்டர் வரட்டும், அவரிடமே காட்டிக்கொள்கிறேன் என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை நீ என்கிறேன், தப்பாக நினைக்காதே. என் பெண் வயதுதான் உனக்கும் இருக்கும். உன் குட்டி உட்காரச் சொன்னால் உட்காருகிறது, கை கேட்டால் கொடுக்கிறது என்றாயே, அது போதும். அதற்கு மேலே என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்டாய் பார், அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் யாரோடும் இப்படிப் பேசுகிற ஆளில்லை. கேட்டுப் பார், எங்கள் தெருவில்.

எங்கள் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரிட்டயர் ஆகிற சமயத்திலேயே மறதி ஆரம்பித்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். சாப்பிட்ட கை காய்வதற்குள், “நான் சாப்பிட்டேனா?” என்பார். டாக்டர் ஏதோ பெயர் சொன்னார், அது என் வாயில் நுழையாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இனி இது கூடத்தான் செய்யும், குறையாது என்றார்கள். அது மட்டும் புரிந்தது.

நான் கொஞ்சம் படபடப்புக்காரி. கத்திவிடுவேன். “இப்பத்தானே சொன்னேன்! இப்பத்தானே சொன்னேன்!” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேனோ. கோபத்தில் இல்லை, பயத்தில். பயந்தால் எனக்குச் சத்தமாகத்தான் வரும்.

என் பெண் வான்மதி பூனாவில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு கூடையில் இதைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போது பார்த்தால் நம்ப மாட்டாய், ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. “அப்பாவுக்குத் துணையா இருக்கும்மா” என்றாள். அப்பாவுக்குத் துணை. எனக்குத் துணைக்கு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அது போகட்டும்.

பெயர் அவர்தான் வைத்தார். வாஷர். ஆமாம், சிரி. எல்லோரும் சிரிப்பார்கள். ராத்திரி படுக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நுழைந்துகொள்ளும். நான் தள்ளிவிட்டேன். “இருக்கட்டும் விடு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல வாஷர் இருந்தாத்தான் லூஸ் ஆகாது” என்றார். அந்த மாதிரி ஒரு பேச்சு எப்போதாவது வரும். அப்போது பழைய ஆள் மாதிரியே இருப்பார்.

உட்காரு, இரு, வா. இதெல்லாம் நானே பழக்கிவிட்டேன். பிஸ்கட்டைக் காட்டினால் நாய் என்ன, மனுஷனும் உட்காருவான். அதற்கு மேலே பழக்கத்தான் ஆரோக்கியசாமி சார் வந்தார். போலீஸில் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வான்மதி எங்கேயோ விசாரித்துப் பிடித்தாள். வந்த அன்றைக்கே, “என்னம்மா, நாய்க்குத் தமிழ்ல சொல்லிக்குடுத்து வெச்சிருக்கீங்க? எங்க டிபார்ட்மெண்டுல எல்லாம் இங்கிலீஷ்தான்” என்றார்.

“ஏன் சார், திருடன் தமிழனா இருந்தா அவனுக்குப் புரியக் கூடாதுன்னா?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். சார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு நல்ல நாள்.

சார் என்ன சொன்னார் என்றால், “இந்த மறதி இருக்கிறவங்க என்னைக்காவது கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடுவாங்கம்மா. அதனால ஆளைத் தேடிக் கூட்டியார இதைப் பழக்கணும். பெரிய வேலைதான். ஆனா இதுக்கு மூக்கும் இருக்கு, மூளையும் இருக்கு.” எங்கள் வீட்டுக்காரர் ஒரு இடத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும், கையில் பிஸ்கட்டோடு. நான் அவர் பெயரைச் சொல்லித் தேடு என்று அனுப்ப வேண்டும். இது போய்க் கண்டுபிடித்து, வேட்டி நுனியைப் பிடித்து, என்னிடம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இழுத்து வந்து சேர்த்த பிறகுதான் பிஸ்கட்.

“உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா.”

நான் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

“என்னம்மா?”

“நீங்களே சொல்லுங்க சார்.”

“நான் சொல்லி என்ன ஆகப்போகுது? நானா உங்க வீட்டுல குடியிருக்கப் போறேன்?”

எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார். “சார், தாலி கட்டுன நாள்லேர்ந்து என் பேரு இவ வாயில வந்ததில்ல. ரேஷன் கடையில பேரு கேட்டா கார்டைத்தான் நீட்டுவா.”

“அப்ப எப்படித்தாம்மா கூப்பிடுவீங்க?”

“எல்லாரும் கூப்பிடற மாதிரிதான்.”

“சரி, அதைச் சொல்லுங்க.”

“என்னங்க.”

“அதைச் சொல்லுங்கன்னேன்.”

“அதான் சார். என்னங்க.”

“நான்தாம்மா கேக்கறேன், அவரை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு!”

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “எத்தனையோ நாயைப் பழக்கியிருக்கேன். ‘என்னங்க’ன்னா ஓடற நாயை இப்பத்தான் பார்க்கப்போறேன்.”

அந்த வார்த்தைதான். வேறு எந்த வார்த்தைக்கு நான் போவேன்? அதைத்தான் இதற்குப் பழக்கினோம்.

முதலில் ஒரே அறையில். அப்புறம் கதவுக்குப் பின்னால். அப்புறம் குளியலறை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மறைவு. ஒளிந்துகொள்வதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், குழந்தை மாதிரி. சில நேரம் எதற்காக ஒளிந்தோம் என்பதே மறந்து, கையில் இருந்த பிஸ்கட்டை அவரே தின்றுவிடுவார். இது போய் வேட்டியைப் பிடித்ததும், “என்னடா, டூட்டி முடிஞ்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே வருவார். மாசக்கணக்கில் ஆயிற்று. ஆனால் பிடித்துக்கொண்டது. அடுப்படியில் இருந்து நான் “என்னங்க” என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓடும். கூப்பிட்ட குரலுக்கு.

உனக்குச் சொல்கிறேன், கல்யாணமான நாளில் இருந்து நான் கூப்பிட்டால் “ம்” என்று ஒரு சத்தம் வரும், ஆள் வரமாட்டார். இது வந்த பிறகுதான் கூப்பிட்டதும் ஆள் வந்து நின்றார். வேட்டி நுனி இதன் வாயில் இருக்க, சிரித்துக்கொண்டே. அதற்கப்புறம் நான் எதற்கும் எழுந்து போகவில்லை. காப்பி ஆறுகிறதா, ஒரு சத்தம். மாத்திரை நேரமா, ஒரு சத்தம். ஓடி ஓடித் தேடின காலெல்லாம் போய், உட்கார்ந்த இடத்தில் இருந்து எல்லாம் நடந்தது. அவருக்கும் அதுதான் நல்லது என்று நினைத்தேன். நான் கிட்டே போனால் கத்துவேன். நாய் கத்தாது.

ஒரே ஒரு சங்கடம். இந்த வார்த்தை எனக்கு மட்டும் சொந்தமா? மேல் வீட்டுப் பூங்கொடி மாடியில் இருந்து, “என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க” என்பாள். இது ஓடிப்போய் எங்கள் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடிக்கும். எதிர் வீட்டம்மா, “என்னங்க, கேஸ் வந்திருக்கு” என்பாள். இது மறுபடி வேட்டியைப் பிடிக்கும். பாவம், காலையில் பேப்பரை விரித்தால் மத்தியானம் வரைக்கும் ஒரு பக்கம் படிக்க விடாது. ஒரு நாள் அவர் என்னிடம் வந்து நின்று மெதுவாகக் கேட்டார், “ஏன்டி, எனக்கு மொத்தம் எத்தனை பொண்டாட்டி?”

நான் பூங்கொடியிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண் அவள். அன்றில் இருந்து அவள் புருஷனை “அமுதாப்பா” என்று மகள் பெயரை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். எதிர் வீட்டம்மா, “நாய்க்காக நான் புருஷனைக் கூப்பிடற முறையை மாத்தணுமா?” என்று சண்டைக்கு வந்தாள். அப்புறம் அவளும் மாற்றிக்கொண்டாள். வீட்டுக்காரரைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான், எனக்காக இல்லை.

சார் சொன்ன நாளும் வந்தது. நான் குளித்துவிட்டு வருகிறேன், கதவு திறந்து கிடக்கிறது, ஆளில்லை. இதன் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி, வாசலில் நின்று, “என்னங்க” என்றேன். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. அதற்கே கிளம்பிவிட்டது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி, கறிக்கடை வாசலில் நிற்காமல், மார்க்கெட் வழியாக, என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. தலையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னாலேயே ஓடினேன். எங்கே போய் நின்றது தெரியுமா? ஒர்க்‌ஷாப் வாசலில். அவர் வாட்ச்மேனிடம் நின்றுகொண்டு, “தம்பி, சங்கு ஊதிட்டாங்களா? சூப்பர்வைசர் கிட்ட சொல்லாதப்பா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இது போய் வேட்டியைப் பிடித்தது.

அவர் குனிந்து, “வாஷர்! நீ எங்கடா இங்க?” என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “இந்தம்மா யாருடா? உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார்.

வாட்ச்மேன் என்னைப் பார்க்கிறான். நான் என்ன சொல்ல? “ஆமா, தெரிஞ்சவங்கதான்” என்றேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிவந்தேன். கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். இதன் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் நான் யார் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் தெரியவில்லை. அப்படியே போயிற்று. கடைசி வரைக்கும் வாஷர் என்ற பெயரை மட்டும் அவர் மறக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாய் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? சும்மா சொல்கிறேன், கேட்டாயே என்று.

தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாயா? ஒரு வாய் கொடு. வாஷருக்கு வேண்டாம், அதற்குப் பாட்டில் இருக்கிறது.

கார்த்திகை அடைமழையில் அவருக்குச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே நாயை விட மாட்டார்கள். இது பூங்கொடி வீட்டில் சாப்பிடாமல் கிடந்தது. சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். அவர் திரும்பி ஆம்புலன்ஸில்தான் வந்தார்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்தார்கள். சொந்தமெல்லாம் வந்துவிட்டது. ஒரு பெண் புருஷன் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி அழுவாள்? உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் பார்த்திருப்பாய். கூப்பிட்டுத்தான் அழுவாள். என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று கூப்பிட்டுத்தான் அழுவாள். வாழ்ந்தபோது எந்த வார்த்தையால் கூப்பிட்டாளோ அந்த வார்த்தைதான் அப்போதும் வரும். வேறு எது வரும்?

பெட்டி மேல் கையை வைத்து, “என்னங்க” என்றேன். அடி வயிற்றில் இருந்து வந்தது. “என்னங்க, என்னங்க” என்று மூச்சு விடாமல் கூப்பிட்டேன்.

மாடியில் கட்டிப்போட்டிருந்தார்கள் இதை. கயிற்றை எப்படி அறுத்துக்கொண்டதோ தெரியாது. அத்தனை பேரின் காலுக்கு நடுவே புகுந்து வந்தது. நேரே அவரிடம் போயிற்று. கண்ணாடிக்குள்ளே இருக்கிறார், வேட்டி அகப்படவில்லை. கண்ணாடியைப் பிராண்டுகிறது. அப்புறம் என்னிடம் ஓடி வந்து என் முகத்தைப் பார்க்கிறது. மறுபடி அங்கே ஓடுகிறது. நான் கூப்பிடக் கூப்பிட ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யாரோ ஒருவர், “சனியன், அதை வெளிய தள்ளுங்கய்யா” என்று காலால் எட்டி உதைத்தார். இது கத்திக்கொண்டே விழுந்தது, எழுந்தது, நான் கூப்பிட்டேன், மறுபடி அவரிடம் போயிற்று. மறுபடி உதைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேறு என்ன செய்ய? நான் கூப்பிடக் கூப்பிட அது போகும். போகப் போக அடிப்பார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். குளிப்பாட்ட அவரை வெளியே எடுத்தார்கள். கோடி வேட்டி கட்டினார்கள். நுனி தொங்கிக்கொண்டிருந்தது. இது என் காலடியில் உட்கார்ந்து அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை என் வாயில் இருந்து வந்திருந்தால் பாய்ந்து பிடித்திருக்கும். பாடையில் வைத்து வாசல் தாண்டுகிற வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் நாத்தனார் சௌந்தரம் எல்லோர் எதிரிலும் சொன்னாள், “பாத்தீங்களா, எந்தம்பி போறான், ஒரு சொட்டுச் சத்தம் வந்துச்சா இவகிட்டேருந்து? அழுத்தக்காரி. இருந்தப்ப எட்டூருக்குக் கேக்கற மாதிரிக் கத்துனா, இப்ப வாயில கொழுக்கட்டை.” காரியம் முடிந்து ஊருக்குப் போகும்போதும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கும் போனில் சொல்கிறாளாம். நான் ஏன் அழவில்லை என்று அவளுக்கு யார் சொல்வது? நாய்க்காக வாயை மூடினேன் என்றால் இன்னும் நன்றாகச் சிரிப்பாள்.

எல்லோரும் போனார்கள். வான்மதி என்னைக் கூடவே வரச் சொன்னாள், நான் போகவில்லை. வீட்டில் நானும் இதுவும். ஒரு நாள் பால் பொங்கிற்று. என்னை அறியாமல், “என்னங்க, அந்த…” என்று வாயில் வந்துவிட்டது. அதற்குள் இது ஓடிவிட்டது. படுக்கையறை, குளியலறை, மாடி, எல்லாம் ஓடித் தேடிவிட்டுத் திரும்பி வந்து, வெறும் வாயோடு என் எதிரே நின்றது. பால் அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆரோக்கியசாமி சாருக்குப் போன் போட்டேன். “சார், நீங்க பழக்குனதை நீங்களே மறக்கடிச்சுக் குடுங்க. என்னால முடியல.” அவர் வந்தார். துக்கம் கேட்டார். அப்புறம் சொன்னார், “மறக்கடிக்கிறதும் ஒரு பழக்கந்தாம்மா. தினமும் அந்த வார்த்தையைச் சொல்லுங்க. தேடட்டும். வெறுமனே திரும்பி வரட்டும். வந்ததும் நீங்க ஒண்ணும் குடுக்கக் கூடாது, தடவக் கூடாது, பேசக் கூடாது. கொஞ்ச நாள்ல, இந்த வார்த்தைக்கு இனி ஒண்ணும் இல்லைன்னு அதுவே விட்டுடும்.”

அப்படியே செய்தேன். சார் சொன்னபடிதான் செய்தேன். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் நின்று கூப்பிடுவேன். இது போய்த் தேடும். திரும்பி வரும். பிஸ்கட் கொடுப்பேன்.

பிஸ்கட் கொடுக்கக் கூடாதுதான், தெரியும். சார்கூட அடுத்த தடவை வந்தபோது பார்த்துவிட்டுக் கத்தினார். “என்னம்மா பண்றீங்க? மறக்கடிக்கச் சொன்னா இன்னும் நல்லாத் தேடப் பழக்கிட்டிருக்கீங்க! இப்ப அது என்ன நினைக்கும், ஆள் இல்லைன்னு வந்து சொன்னாலும் கூலி உண்டுன்னு நினைக்கும்.” நினைக்கட்டுமே. மாடி வரைக்கும் ஓடித் தேடிவிட்டு, மூச்சு வாங்க வந்து நிற்கிற ஒரு உயிருக்கு ஒன்றும் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள என்னால் முடியாது. சில நாள் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவேன். மறக்கடிப்பதற்காகத்தான். எவ்வளவு தடவை கூப்பிடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்று ஒரு கணக்கு. முன்னெல்லாம் அவரைக் கூப்பிட்டால் கத்தல்தான் வரும். இப்போது மெதுவாகத்தான் கூப்பிடுகிறேன், பூங்கொடிக்குக்கூடக் கேட்காது. சில நாள் கூடவே இரண்டு வார்த்தை பேசுவதும் உண்டு. என்னங்க, வான்மதி போன் பண்ணினா. என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. அதுவும் பழக்கத்துக்காகத்தான்.

போன வாரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் ஒரு நாள் கூப்பிடுகிறேன், இது எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தலையைக் கால் மேல் வைத்துக்கொண்டது. தூக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பிஸ்கட்டைக் கையில் காட்டிக்கொண்டே கூப்பிட்டேன். பிஸ்கட்டைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, எழுந்து போகவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்புறம் பழையபடி கத்தியே கூப்பிட்டேன். பூங்கொடி மாடியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இதற்கு என்னவோ ஆகிவிட்டது. சாருக்குப் போன் போட்டேன். அவர், “அப்பாடா, விட்டுடுச்சாம்மா? நல்லது, இனிமே தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க” என்கிறார். நல்லதாம்! நாய்க்கு உடம்பு சரியில்லை என்கிறேன், நல்லது என்கிறார்.

நேற்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். இது படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தது. சரி, மறந்துபோன நாய்க்கு முதல் பாடத்தில் இருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்? எப்படித் தேடுவது என்று நாமே செய்து காட்டினால் ஒருவேளை ஞாபகம் வரும் என்று நினைத்தேன். நானே போனேன். படுக்கையறையில் பார்த்தேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், எனக்கு முட்டி மடங்காது, அப்படியும் பார்த்தேன். குளியலறையில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மாடிப்படி ஏறினேன். ஒவ்வொரு இடத்திலும் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அப்படித்தானே பழக்க வேண்டும்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே ஒரு சுவர், ஒரு பழைய வாளி, வேறென்ன இருக்கும். பூங்கொடி வந்து, “என்னக்கா தேடறீங்க இருட்டுல?” என்றாள். “துணி ஒண்ணு பறந்து வந்திருச்சு” என்றேன். அவள் என் கையைப் பிடித்து மெதுவாகப் படி இறக்கிவிட்டாள். துணியைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்தேன். மூச்சு வாங்கியது. இது படுத்த இடத்திலேயே படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து என் மேல் சாய்ந்து உட்கார்ந்தது. நன்றாக நடக்கிறது பார், காலில் ஒன்றும் இல்லை. காதுதான்.

என்ன சொன்னாய்? சத்தமாகச் சொல். அதற்குப் புரிந்துவிட்டது என்கிறாயா?

என்ன புரியும்? அவர் இல்லை என்றா? நாய்க்கு அதெல்லாம் எப்படிப் புரியும், கண்ணு? கார்த்திகையில் புரியாதது இப்போது எப்படிப் புரியும்? நீ சின்னப் பெண், குட்டி நாய் வைத்திருக்கிறாய், அதனால் அப்படிச் சொல்கிறாய். இது மனசார நிறுத்துகிற ஜாதி இல்லை. கேட்டால் ஓடும். கேட்கவில்லை, ஓடவில்லை. அவ்வளவுதான் விஷயம். உன் குட்டிக்கு உட்காரச் சொல்லிக்கொடு, பந்து எடுத்து வரச் சொல்லிக்கொடு. ஆளைத் தேட மட்டும் சொல்லிக்கொடுக்காதே.

அந்தப் பச்சைச் சேலைக்காரி மறுபடி கூப்பிடுகிறாள் பார். கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் வந்துவிட்டான். நல்ல பிள்ளை, உடனே வந்துவிட்டான்.

வாஷர், எழுந்திரு. பெரிய டாக்டர் வந்துவிட்டார், கூப்பிடுகிறார்கள். அட, இதற்கு மட்டும் எழுந்துகொள்கிறது. வருகிறேன், கண்ணு. நீ இங்கேயே இரு, சாட்சி வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன். உள்ளே போய் ஊசி போடட்டும், மருந்து கொடுக்கட்டும், பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லட்டும், எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடுவேன். இதற்குக் காது கேட்கவில்லை என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.